இடது காலுக்கு ஓய்வு: மேனுவலா, ஆட்டோமேட்டிக்கா?

கிழக்குத் தாம்பரத்திலிருந்து சேலையூர், கேம்ப் ரோடு, செம்பாக்கம், மேடவாக்கம், பெரும்பாக்கம் வழியாகச் சோழிங்கநல்லூர் போய்ச் சேர ஏறத்தாழ 18 கிலோமீட்டர். காலை எட்டரைக்குக் கிளம்பினால் ஒரு மணி நேரத்துக்குக் குறையாது. சென்ற மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை, கிளட்சை எத்தனை முறை மிதிக்கிறேன் என்று எண்ணிக்கொண்டே போனேன். மேடவாக்கம் கூட்டு ரோட்டை நெருங்குவதற்குள் 140ஐத் தாண்டியது. அங்கே ஒரு மாநகரப் பேருந்து குறுக்கே வந்ததில் எண்ணிக்கை தப்பிவிட்டது. மாலையில் திரும்பும்போதும் அதே பாடுதான்.

பத்து ஆண்டு ஓடிவிட்ட எங்கள் மேனுவல் காரை மாற்றலாம் என்ற பேச்சு வீட்டில் தொடங்கியபோது, மூன்று பேருக்கும் மூன்று கருத்து இருந்தது. என் கணவர் மேனுவலைத் தவிர வேறெதையும் கார் என்றே ஒப்புக்கொள்ளாதவர். ஆனால் அவர் காரை எடுப்பது ஞாயிற்றுக்கிழமைகளில்தான். மாமாவுக்கு வயது 69. இரண்டு ஆண்டுகளுக்கு முன் இடது முழங்காலில் மாற்று மூட்டு வைத்த பிறகு, மருத்துவர் அனுமதித்தும் காரைத் தொடவில்லை. தினமும் ஓட்டுகிறவள் நான். ஷோரூமுக்குப் போனால், “மேடம் ஓட்டறதுக்குன்னா ஆட்டோமேட்டிக் பாத்துடலாம் சார்” என்று என்னைப் பக்கத்தில் வைத்துக்கொண்டே என் கணவரிடம் சொன்னார் விற்பனையாளர். அந்தப் பேச்சின் எரிச்சலிலேயே மேனுவலை வாங்கிவிடலாமா என்றுகூடத் தோன்றியது. ஆனால் ஆறேழு லட்சத்துக்கு மேல் செலவாகும் முடிவை எரிச்சலில் எடுக்க முடியாது என்பதால், கிடைக்கிற வகைகளை ஒவ்வொன்றாக ஓட்டிப் பார்த்தேன்.

முதலில் தெளிவான விஷயம், கியர் மாற்றுவது ஒரு சுமையே இல்லை என்பதுதான். மாமா அந்தக் காலத்தில் ஓட்டிய அம்பாசடரில் கியர் கம்பி ஸ்டீயரிங்குக்கு அடியில் இருந்தது. முன்சீட்டில் மூன்று பேர் உட்கார்ந்துகொண்டு அதை மாற்றியபடி போனவர்கள் யாரும் கை வலித்ததாகச் சொன்னதில்லை. வலிப்பது கிளட்ச். பெட்ரோல் இன்ஜின் நின்ற நிலையில் சுழற்சி தர முடியாதது. ஒரு குறைந்தபட்ச வேகத்துக்குக் கீழே அதை இழுத்தால் அணைந்துவிடும். சக்கரமோ பூஜ்யத்திலிருந்து தொடங்க வேண்டும். ஓடிக்கொண்டிருக்கும் இன்ஜினுக்கும் நின்றுகொண்டிருக்கும் சக்கரத்துக்கும் நடுவே ஏதோ ஒன்று சிறிது நேரம் வழுக்கியே ஆக வேண்டும். பெட்ரோலில் ஓடும் எல்லா வகைக் கார்களுக்கும் இதே கட்டாயம்தான். எது வழுக்குகிறது, அந்த வழுக்கலை யார் கவனித்துக்கொள்கிறார்கள் என்பதில்தான் இந்த வகைகள் பிரிகின்றன. மேனுவலில் ஒரு தட்டு வழுக்குகிறது, கவனித்துக்கொள்வது நம் இடது கால். ஆகவே கேட்க வேண்டிய கேள்வி “மேனுவலா, ஆட்டோமேட்டிக்கா” என்பதோடு நிற்பதில்லை. ஆட்டோமேட்டிக் என்ற ஒரே பெயரில் விற்கப்படும் வண்டிகளுக்குள் இருக்கும் வித்தியாசம், சில சமயம் மேனுவலுக்கும் அவற்றுக்கும் இடையே உள்ளதைவிடப் பெரியது.

மேனுவலின் பக்கம் உள்ள நியாயங்கள் பழையவை என்றாலும் பலமானவை. விலை குறைவு. கிளட்ச் தேய்ந்தால், சிறிய கார்களுக்குப் பத்து, பதினைந்தாயிரம் ரூபாயில் எந்த ஊர் ஒர்க்‌ஷாப்பிலும் மாற்றிக்கொள்ளலாம். அறந்தாங்கியில் நின்றாலும் அதற்கு ஒரு மெக்கானிக் இருப்பார். பேட்டரி இறங்கிவிட்டால் நாலு பேர் தள்ள, இரண்டாவது கியரில் கிளட்சை விட்டு ஸ்டார்ட் செய்துவிடலாம். ஆட்டோமேட்டிக்கில் அந்த வழி கிடையாது. மலையில் இறங்கும்போது எந்த கியரில் இருக்கிறோம் என்பது ஓட்டுகிறவருக்குக் கையிலேயே தெரியும். என் கணவர் சொல்வதுபோல், மேனுவல் ஓட்டும்போது வண்டி என்ன சொல்கிறது என்று காது கேட்டுக்கொண்டே இருக்கும். அதை நான் மறுக்கவில்லை. திண்டிவனம் தாண்டித் திருவண்ணாமலைச் சாலையில் ஓர் அதிகாலையில் ஓட்டிப் பார்த்தவர்களுக்கு அது புரியும். ஆனால் ஆண்டில் எத்தனை அதிகாலை அப்படி வாய்க்கிறது?

குறைந்த செலவில் கிளட்சிலிருந்து விடுதலை தருவது ஏ.எம்.டி. (ஆட்டோமேட்டட் மேனுவல் டிரான்ஸ்மிஷன்). இந்தியாவில் இது முதன்முதலில் 2014இல் மாருதி செலெரியோவில் வந்தது. அதுவரை ஆட்டோமேட்டிக் என்றாலே கூடுதலாக ஒரு லட்சம் எடுத்துவை என்ற நிலை இருந்தது. இது ஏறத்தாழ 40,000 ரூபாயில் முடிந்தது. காரணம், இதில் புதிய கியர்பாக்ஸ் எதுவும் இல்லை. அதே மேனுவல் கியர்பாக்ஸ், அதே கிளட்ச்; காலும் கையும் செய்த வேலையை, கணினி சொல்கிறபடி ஒரு சிறு இயந்திரக் கருவி செய்கிறது. மைலேஜ் குறையும் என்ற பழைய பயமும் இதில் செல்லாது. 2024இல் வந்த ஸ்விஃப்ட்டுக்கு நிறுவனம் அறிவித்த கணக்கில், மேனுவல் லிட்டருக்கு 24.80 கிலோமீட்டர், ஏ.எம்.டி. 25.75. சாலையில் அந்த அளவு யாருக்கும் கிடைக்காது என்றாலும், இரண்டுக்கும் இடையே ஆட்டோமேட்டிக் பின்தங்கவில்லை என்பது பார்க்கத் தக்கது.

நெரிசலில் ஏ.எம்.டி.யை ஓட்டியபோது தோள் தளர்ந்தது உண்மை. பிரேக்கிலிருந்து காலை எடுத்தால் வண்டி தானாக நகர்கிறது; முன்வண்டி நின்றால் பிரேக், அவ்வளவுதான். குறை இரண்டு இடங்களில் தெரிந்தது. ஒன்று, கியர் மாறும்போது தலை லேசாக முன்னே போய்ப் பின்னே வருகிறது. நாம் மேனுவலில் கியர் மாற்றும்போதும் இன்ஜினின் இழுவை ஒரு கணம் அறுபடுகிறது. ஆனால் நாமே செய்வதால் உடல் அதற்குத் தயாராக இருக்கிறது. இங்கே வேறொருவர் மாற்றுகிறார், நமக்கு முன்கூட்டிச் சொல்வதில்லை. கியர் மாறும் தருணத்தில் ஆக்ஸிலரேட்டரைச் சற்றுத் தளர்த்தினால் இந்தத் தலையாட்டம் பெரும்பாலும் மறைகிறது. இரண்டு வாரத்தில் பழகிவிடும் என்கிறார்கள், நம்புகிறேன்.

இரண்டாவது குறை அவ்வளவு லேசானதல்ல. எங்கள் அடுக்குமாடிக் குடியிருப்பின் தரைக்கீழ் வாகன நிறுத்தத்திலிருந்து மேலே வரும் சாய்தளம் செங்குத்தானது. மேலே ஏறியதும் கேட்டுக்கு முன் நின்று, தெருவைப் பார்த்துத்தான் வெளியே வர முடியும். ஓட்டிப் பார்க்கத் தந்த ஏ.எம்.டி. காரை வேண்டுமென்றே அங்கே கொண்டுபோய் நிறுத்தினேன். சரிவில் வண்டி பின்னால் போகாமல் பிடித்துக்கொள்ளும் ஹில் ஹோல்டு வசதி அதில் இருந்தது. அது பிடித்திருப்பது ஏறத்தாழ இரண்டு விநாடிதான். தெருவில் ஒரு தண்ணீர் லாரி போய் முடிய அதைவிட நேரமாயிற்று. வண்டி ஒரு சாண் பின்னால் சரிந்தது, நான் பதறி ஆக்ஸிலரேட்டரை மிதித்தேன், வண்டி அந்தரத்தில் நின்றதுபோல் நின்றது. பின்சீட்டிலிருந்த ஷோரூம் இளைஞர், “மேடம், ஆக்ஸிலரேட்டர்லயே நிக்க வைக்காதீங்க, கிளட்ச் கருகிடும்” என்றார். சரியான பேச்சு. வழுக்கிக்கொண்டிருப்பது மேனுவலில் உள்ள அதே தட்டுதான். அது கருகுகிற வாசனை வருவதற்கு முன் நமக்குத் தெரிவிக்க இடது காலில் எந்த உணர்ச்சியும் இல்லை. ஏ.எம்.டி. வாங்குகிறவர்கள் ஏற்றத்தில் பிரேக்கையோ ஹேண்ட் பிரேக்கையோ போட்டு நிற்பதை வழக்கமாக்கிக்கொள்ள வேண்டும். மேம்பாலத்து ஏற்றத்தில் சிக்னலுக்காக ஆக்ஸிலரேட்டரில் தொங்கிக்கொண்டு நிற்பவர்களைத் தினமும் பார்க்கிறேன். அவர்களுடைய கிளட்ச் எத்தனை நாள் வருமோ.

இருவழிச் சாலையில் பேருந்தை முந்தும் இடத்திலும் ஏ.எம்.டி. யோசிக்கிறது. முழுதாக மிதித்ததும் கியரைக் குறைக்க அது எடுத்துக்கொள்ளும் அரை விநாடி, ஒரு விநாடி, எதிரே லாரி வரும்போது நீளமாகத் தெரியும். முந்துவதற்கு முன்பே கம்பியை ‘எம்’ என்ற மேனுவல் பக்கம் தள்ளி, நாமே ஒரு கியர் குறைத்துக்கொண்டு கிளம்புவதே வழி.

டார்க் கன்வெர்ட்டர் வகையில் வழுக்குவது எண்ணெய். ஒரு மின்விசிறியை ஓடவிட்டு, அதன் எதிரே ஓடாத இன்னொரு மின்விசிறியை வைத்தால் காற்றே இரண்டாவதையும் சுழற்றுவதுபோல, இன்ஜின் சுழற்றும் இறக்கைகள் எண்ணெயை வீச, எதிரே உள்ள இறக்கைகள் அந்த விசையை வாங்கிச் சக்கரத்துக்குத் தருகின்றன. ஜெர்மானியப் பொறியாளர் ஹெர்மன் ஃபோட்டிங்கர் 1905இல் காப்புரிமை பெற்றது கப்பல்களுக்காக. நம் காருக்கு வர அது சில பத்தாண்டுகள் எடுத்துக்கொண்டது. உரசித் தேயும் தட்டு கிளம்பும் வேளையில் இடையில் இல்லை என்பதால், ஊர்ந்து ஊர்ந்து போவது இதற்குப் பாதகமே இல்லை. அதே சாய்தளத்தில் இதை நிறுத்தியபோது பிரேக்கை விட்டதும் மெல்ல மேலே ஊர்ந்தது. பதற்றத்துக்கு இடமே இல்லை.

முன்பு நான்கு கியர் கொண்ட டார்க் கன்வெர்ட்டர்கள் பெட்ரோலைக் குடித்தன. அந்தக் கெட்ட பெயர் இன்னும் நிற்கிறது. இப்போதைய ஆறு கியர் பெட்டிகளில், வேகம் பிடித்ததும் எண்ணெயைத் தாண்டி இரு பக்கத்தையும் நேரடியாகப் பூட்டிவிடும் ஏற்பாடு இருப்பதால் இழப்பு குறைந்துவிட்டது. 2022இல் பிரெஸ்ஸா புதுப்பிக்கப்பட்டு வந்தபோது, மேனுவலுக்கும் ஆறு கியர் ஆட்டோமேட்டிக்குக்கும் அறிவிக்கப்பட்ட மைலேஜில் லிட்டருக்கு அரை கிலோமீட்டர் வித்தியாசம்கூட இல்லை. நகர நெரிசலில் கொஞ்சம் கூடுதலாகக் குடிக்கும் என்பதை நான் கணக்கில் வைத்துக்கொள்கிறேன். உண்மையான தடை விலைதான்: மேனுவலைவிட ஒரு லட்சத்துக்கு மேல் கூடுதல், அதோடு பெரும்பாலும் நடுத்தர, உயர் மாடல்களில்தான் கிடைக்கும் என்பதால், வேண்டாத சன்ரூஃபுக்கும் சேர்த்துப் பணம் கட்ட நேர்கிறது.

சி.வி.டி.யில் கியர்களே கிடையாது. இரண்டு கப்பிகள், நடுவே ஓர் எஃகுப் பட்டை. கப்பிகளின் அகலம் மாற மாற வேக விகிதம் வழுவழுப்பாக மாறிக்கொண்டே போகிறது. ஹாலந்தின் டாஃப் நிறுவனம் 1958இலேயே ரப்பர் பட்டையோடு இதைச் செய்து காரில் வைத்தது. நகரத்துக்குள் இதைவிட மென்மையான ஓட்டம் பெட்ரோல் காரில் கிடைப்பது அரிது. பின்சீட்டில் தூங்குகிற குழந்தை எழுந்திருக்காது. அவசரமாக மிதித்தால் மட்டும் இன்ஜின் ஒரே சுருதியில் அலறும், வேகம் பின்னால் நிதானமாக வரும். சத்தத்துக்கும் வேகத்துக்கும் தொடர்பு அறுந்தது போன்ற அந்த உணர்வை என் கணவரால் ஐந்து நிமிடம்கூடச் சகிக்க முடியவில்லை. எனக்கு அது ஒரு குறையாகவே படவில்லை; மேடவாக்கத்தில் நான் யாரை முந்தப் போகிறேன்?

டி.சி.டி.யைப் பற்றி நீட்டிச் சொல்ல எனக்கு விருப்பமில்லை. ஒற்றைப்படை கியர்களுக்கு ஒரு கிளட்ச், இரட்டைப்படைக்கு இன்னொன்று. அடுத்த கியர் முன்கூட்டியே தயாராக நிற்பதால் மாறுவது கண் இமைக்கும் நேரம். நெடுஞ்சாலையில் அதன் அழகே தனி. ஆனால் உலர் கிளட்ச் கொண்டவை, விட்டுவிட்டு ஊரும் நெரிசலில் சூடாகும் இயல்புள்ளவை. உத்தரவாதக் காலம் முடிந்த பிறகு பழுதானால் பில் லட்சத்தைத் தொடக்கூடும். எண்ணெயில் மூழ்கிய கிளட்ச் கொண்டவை இந்தச் சூட்டை நன்றாகத் தாங்கும். எப்படியிருந்தாலும், தினமும் 36 கிலோமீட்டரை ஊர்ந்து கடக்கும் ஒருத்திக்கு இது பொருத்தமில்லை. 2020இல் ஹூண்டாய் வென்யூவில் வந்த ஐ.எம்.டி., கிளட்ச் பெடலை எடுத்துவிட்டு கியரை மட்டும் நம் கையில் விட்டது. மேனுவல் பிரியர்களுக்கு நல்ல சமரசம், மாமா மட்டும், “பாதி வேலையை எடுத்துட்டுப் பாதியை எதுக்கும்மா விட்டு வச்சான்?” என்று கேட்டார். மின்சாரக் காரில் இந்த விவாதமே எழாது. அதன் மோட்டார் நின்ற நிலையிலிருந்தே முழு இழுவை தருவதால் வழுக்க எதுவும் தேவையில்லை, ஒற்றை விகிதப் பல்சக்கரம் போதும். எளிமையில் அதற்கு ஈடில்லை. எங்கள் குடியிருப்பில் சார்ஜர் வைக்கச் சங்கம் இன்னும் ஒப்புக்கொள்ளவில்லை என்பதால் அது எங்கள் பட்டியலில் இல்லை.

எளிமை என்பதற்காகக் கற்றுக்கொள்ள எதுவும் இல்லை என்று நினைப்பதுதான் ஆட்டோமேட்டிக்கில் நேரும் பெரிய தவறு. குன்னூரிலிருந்து மேட்டுப்பாளையம் இறங்கும் சாலையில், பர்லியாறு பக்கம் பிரேக் கருகிய வாசனையோடு ஓரமாக நிற்கும் கார்களைப் பார்க்கலாம். கம்பியை வழக்கமான ஓட்டத்துக்குரிய ‘டி’யிலேயே விட்டுவிட்டு இறங்கினால், ஆக்ஸிலரேட்டரிலிருந்து கால் எடுத்ததும் பல வண்டிகள் மேல் கியருக்குப் போய்விடும், இன்ஜின் பிடித்து நிறுத்தாது, முழுப் பாரமும் பிரேக்கின் மேல் விழும். இறக்கம் தொடங்குவதற்கு முன்பே கீழ் கியர்களுக்கான ‘எல்’, ‘2’ அல்லது மேனுவல் நிலைக்கு மாற்றி, ஏறுவதற்கு எந்த கியர் தேவைப்படுமோ அதிலேயே இறங்க வேண்டும். உதகையிலிருந்து மசினகுடி பக்கம் இறங்கும் கல்லட்டியின் 36 கொண்டை ஊசி வளைவுகளில் இது உயிர்ப் பிரச்சினை. மேனுவல் கற்றவர்களுக்கு இது தானாக வருகிறது. நேரே ஆட்டோமேட்டிக்கில் பழகியவர்களுக்கு யாராவது சொல்லித்தர வேண்டும்.

சென்னைக்கே உரிய இன்னொன்று தண்ணீர். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது பள்ளிக்கரணையில் கார்கள் மிதந்ததை எல்லோரும் பார்த்தோம். அந்த ஆழத்தில் எந்த கியர்பாக்ஸும் உதவாது. ஆனால் முழங்கால் அளவுக்கும் கீழே தேங்கிய நீரைக் கடக்க நேர்ந்தால், கியர் மேலே ஏறிவிடாதபடி ஆட்டோமேட்டிக்கையும் முதல் கியரில் பூட்டிக்கொள்ள வேண்டும். நின்றுபோன ஆட்டோமேட்டிக் காரைக் கயிறு கட்டி இழுத்துச் செல்வது கியர்பாக்ஸைக் கெடுக்கக்கூடும்; வண்டியையே மேலே ஏற்றிச் செல்லும் லாரியைத்தான் அழைக்க வேண்டும்.

ஓட்டுநர் உரிமத்தில் இந்தியாவில் இரண்டுக்கும் வேறுபாடு இல்லை. பிரிட்டனில் ஆட்டோமேட்டிக் காரில் ஓட்டிக் காட்டித் தேர்வில் தேறியவர் மேனுவல் ஓட்டக் கூடாது. அங்கே படிக்கப் போகும் எண்ணமுள்ள பிள்ளைகள் வீட்டில் இருந்தால், அவர்கள் இங்கே மேனுவலிலேயே பழகிக்கொண்டு போவது நல்லது.

இவ்வளவையும் வைத்துப் பார்த்தபோது, வாரத்தில் ஐந்து நாள் நெரிசலில் ஓட்டுகிறவருக்குப் பட்ஜெட் எட்டு லட்சத்துக்குள் என்றால் ஏ.எம்.டி.யே போதும் என்றுதான் சொல்வேன்; செங்குத்தான சாய்தளமோ, வயதானவரோ வீட்டில் இருந்தால் கூடுதல் லட்சத்தைக் கொடுத்து டார்க் கன்வெர்ட்டரோ சி.வி.டி.யோ வாங்குவது நியாயம். மாதம் இருமுறை ஊருக்குப் போவதற்கு மட்டும் காரை எடுக்கிறவர்கள், ஆட்டோமேட்டிக்குக்குத் தரும் பணத்தை நல்ல டயர்களுக்கும் பாதுகாப்பு வசதிகளுக்கும் தரலாம். யார் பணம் கட்டுகிறார் என்பதைவிட, யார் அதிகக் கிலோமீட்டர் ஓட்டுகிறார் என்பதைப் பார்த்து முடிவெடுங்கள். எங்கள் வீட்டில் அந்தக் கணக்கைத் தாளில் எழுதிக் காட்டிய பிறகு விவாதம் பத்து நிமிடத்தில் முடிந்தது. டார்க் கன்வெர்ட்டர் வந்து மூன்று வாரமாகிறது.

முதல் நாள் மாமா ஓட்டுநர் இருக்கையில் உட்கார்ந்ததும், “இடது காலை எங்கம்மா வைக்கிறது?” என்று கேட்டார். பார்க்கச் சாதாரணக் கேள்வி; ஆனால் புதிதாக ஆட்டோமேட்டிக்குக்கு மாறுகிறவர்களின் ஆபத்து அங்கேதான் இருக்கிறது. கிளட்ச் என்று நினைத்து இடது கால் பாயும்போது அகலமான பிரேக் பெடல் சிக்கும். வண்டி அடித்து நிற்கும், பின்னால் வருகிறவர் நம்மேல் மோதுவார். ஆகவே முதல் சில நாட்கள் இடது பாதத்தை இருக்கையை ஒட்டிப் பின்னுக்கு இழுத்து வைத்துக்கொள்ளவும், பிரேக்கும் ஆக்ஸிலரேட்டரும் வலது காலுக்கு மட்டுமே என்று பழகவும் சொன்னேன். இப்போது சேலையூர் கோயில்வரை தனியாகவே போய்வருகிறார். சிக்னல் வரும்போது இடது முழங்கால் இன்னும் தானாக ஓர் அங்குலம் எழுகிறது. மிதிக்க ஒன்றும் இல்லாமல் மெல்லத் திரும்பி இறங்குகிறது.